செயின் கறளுக்கு ஆசிட் ஊற்றலாமா? கழுவுவது, ஒயில் போடுவது பற்றிக் கேள்வி

மண்டூர் ரீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். என்னுடையது கியர் இல்லாத சாதாரண லுமாலா சைக்கிள். வெள்ளாப்பில் (விடியற்காலையில்) வீட்டிலிருந்து துறைவரை மிதித்து, பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகில்) ஏற்றி, குருமண்வெளியில் இறங்கி மறுபடியும் மிதித்துத்தான் பாடசாலைக்குப் போவேன். மாரி முடிந்த கையோடு செயின் கவரைக் கழற்றிப் பார்த்தால் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு பக்கம் செம்பட்டையாகக் கறள் (துரு), அதன்மேல் கறுப்புப் பசை, பசைக்குள் மணல். மிதிக்கும்போது வருகிற சத்தத்துக்குப் பாதையில் நிற்கிற ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன் கழிப்பறை கழுவுகிற திரவத்தை ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் புதுச் செயின் மாதிரி வெள்ளையாகிவிடும் என்கிறார். மாமியார் தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார். கடைக்குக் கொண்டுபோனால் "மாத்துங்க ரீச்சர்" என்ற ஒரே பதில்தான் வரும். இரும்பு பழுதாகாமல் நானே கழுவ வழி சொல்லுங்கள்.

கல்முனைக் காக்கா

ரீச்சர், அந்த அண்ணனுக்கு நல்ல மனசுதான், ஆனால் அந்த வேலை வேண்டாம். எனக்குச் சைக்கிள் திருத்துவதுதான் தொழில். ஆசிட்டில் போட்ட செயின் வெள்ளையாக வரும் என்பது உண்மை. பளபளவென்று இருக்கும். மறுகா (பிறகு) ஒரு நாள் கரியரில் அரிசி மூட்டையோடு பாலத்தில் ஏறும்போது, எழும்பி நின்று ஒரு மிதி மிதிப்பீர்கள், செயின் படாரென்று அறும். அறுகிற நேரம் உங்கள் முழுப் பாரமும் அந்த ஒரு பெடலில்தான் இருக்கும். கால் வழுக்கி, நெஞ்சு ஹாண்டிலில் அடிபட்டு விழுந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் செயினைக் கையில் எடுத்துப் பார்த்தால் தகடு தேய்ந்திருக்காது, வளைந்தும் இருக்காது, வெடித்திருக்கும்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். செயினைக் கழற்றி ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டால் நேராகத் தொங்குகிறதா, இல்லை இடையிடையே மடங்கி நிற்கிறதா? அதைப் பார்த்துத்தான் கழுவுவதா மாற்றுவதா என்று சொல்லலாம்.

ஆய்வுகூடத்துக்காரன்

காக்கா சொன்னதற்குப் பின்னால் இரசாயனம் இருக்கிறது. கழிப்பறைத் திரவத்தில் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது கறளைத் தின்றுவிட்டு நிற்காது, அடியில் இருக்கிற இரும்பையும் தின்னும். இரும்பும் அமிலமும் சேர்ந்தால் ஐதரசன் வெளிவரும். வாயுக்குமிழியாக வெளியே போவது போக, ஒரு பகுதி அணு அணுவாக உருக்குக்குள் புகுந்துவிடும். மென்மையான இரும்புக்கு இதனால் பெரிய கேடில்லை. செயினில் உள்ள பின்னும் (கண்ணிகளைக் கோக்கிற சின்ன ஆணி) ரோலரும் (அதைச் சுற்றி உருளுகிற வளையம்) சூடாக்கிக் கடினப்படுத்திய உருக்கு. கடினமான உருக்குக்குள் ஐதரசன் போனால் அது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது, பாரம் ஏறும்போதுதான் வெடிப்பு விடும்.

இன்னொன்று, செயினுக்குள் போன அமிலத்தை வெளியே எடுப்பது லேசில்லை. பின்னுக்கும் ரோலருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு முடி அளவுதான். எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் கொஞ்சம் உள்ளே தங்கும். தங்கியது இருந்து அரிக்கும். வெளியே மேற்பூச்சு போய்விட்டதால் நம் உப்புக் காற்றில் அன்று பின்னேரமே திரும்பக் கறள் பிடிக்கும்.

ஷிமானோ நிறுவனம் தன் செயினோடு தருகிற கையேட்டிலேயே கறள் நீக்கி போன்ற அமில, காரக் கரைசல்களைப் பாவிக்க வேண்டாம், செயின் அறுந்து கடுமையான காயம் ஏற்படலாம் என்று எச்சரிக்கிறது. தேசிக்காயும் வினாகிரியும் வலுக்குறைந்த அமிலம், அவ்வளவுதான் வித்தியாசம். மாமி சொன்னதில் உப்பு வேறு சேர்கிறது, அது கறளுக்கு விருந்து. மட்கார்ட் ஆணிக்கு வேண்டுமானால் தேசிக்காய் தேயுங்கள், செயினுக்கு வேண்டாம்.

இதோடு ஒரு எச்சரிக்கை. சிலர் ஆசிட் ஊற்றிய இடத்தில் "நல்லாப் போகட்டும்" என்று ப்ளீச்சையும் ஊற்றுவார்கள். அதில் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் செய்தால் உயிருக்கே ஆபத்து.

வாழைச்சேனைப் பொடியன்

இவ்வளவு கதை எதற்கு? ஒரு டபிள்யூடி-40 (கறளுக்கு அடிக்கிற ஸ்பிரே) ரின் வாங்கி அடித்தால் சத்தம் போய்விடும். நான் அதைத்தான் அடிக்கிறேன், பாசிக்குடா வரை போய் வருகிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை.

ஆய்வுகூடத்துக்காரன்

தம்பி, சத்தம் போகும், திரும்பி வரும். அந்தப் பெயரில் உள்ள டபிள்யூ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துமே 'நீரை வெளியேற்றுவது' என்ற பொருளில் வைத்தவை. 1953இல் அமெரிக்காவில் ஏவுகணைகளின் உலோகத் தோல் கறள் பிடிக்காமல் இருப்பதற்காகச் செய்தது. ஈரத்தை விரட்டும், இறுகிப்போன ஆணியை இளக்கும், கறுப்புப் பசையையும் கரைக்கும். ஆனால் அது விட்டுப்போகிற எண்ணெய்ப் படலம் மிக மெல்லியது. ஏற்கெனவே உள்ளே இருந்த நல்ல ஒயிலையும் கரைத்து வெளியே கொண்டுவந்துவிட்டு ஆவியாகிவிடும். அடித்துத் துடைத்துவிட்டு அதன்மேல் ஒயில் போட்டால் சரி. அதையே ஒயிலாக நினைத்தால் செயின் வறண்டுதான் ஓடும்.

வயல்காரன்

எங்கள் பக்கம் எல்லாரும் உழவு இயந்திரத்தில் கழற்றிய கழிவு ஒயிலைத்தான் தூரிகையால் பூசுவோம். அப்பா காலத்திலிருந்து அதுதான். நெல்லு மூட்டை ஏற்றுகிற சைக்கிள், ஒரு செயின் வருஷக் கணக்கில் ஓடும். ரீச்சர், காசு செலவழிக்காதீர்கள். மண்ணெண்ணெய் என்ன விலை விற்கிறது என்று தெரியும்தானே? 87 ரூபாவாக இருந்தது 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் 340 ஆன நாளிலிருந்து நான் அதை விளக்குக்குக்கூட ஊற்றுவதில்லை.

கல்முனைக் காக்கா

வயல்காரத் தம்பி, கழிவு ஒயில் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று யோசித்தீர்களா? எஞ்சினுக்குள் எரிந்த கரியும், தேய்ந்த இரும்புத் தூளும் அதில்தான் இருக்கின்றன. தூளைக் கொண்டுபோய்ச் செயினுக்குள் விட்டால் உள்ளே அரம் போட்ட மாதிரி. உங்கள் செயின் அறாமல் இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் நீண்டிருக்கும், பிரீவீலின் (பின் சக்கரத்தில் உள்ள பல்லுச்சக்கரம்) பல்லு சுறாப் பல்லாக மாறியிருக்கும். கையிலும் பூசாதீர்கள், அந்த ஒயில் நாளடைவில் தோலுக்குக் கூடாது.

வயல்காரன்

பல்லு கூர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வண்டி ஓடுகிறதே காக்கா.

மண்டூர் ரீச்சர்

காக்கா, கழற்றித் தொங்கவிட்டுப் பார்த்தேன் (மகன்தான் குறடு பிடித்துக் கழற்றினான்). மூன்று இடத்தில் மடங்கி நிற்கிறது, கையால் ஆட்டினால் இளகுகிறது. மற்ற இடமெல்லாம் நேர். கறள் வெளித்தகட்டில்தான் கூட. இனி என்ன செய்ய?

கல்முனைக் காக்கா

அப்படியென்றால் கழுவலாம். நான் கடையில் செய்வதைச் சொல்கிறேன், அவசரப்படாமல் செய்யுங்கள்.

காய்ந்த நிலையிலேயே முதலில் பழைய பல்துலக்கும் தூரிகையால் மணலைத் தட்டி எடுங்கள். பலர் நேரே எண்ணெயில் போடுவார்கள், மணல் கரைந்து உள்ளே போய்விடும். மறுகா வாய் அகன்ற பிளாஸ்டிக் போத்தலில் செயினைப் போட்டு, அது மூழ்க மண்ணெண்ணெய் ஊற்றி மூடிக் குலுக்குங்கள். கண்ணாடிப் போத்தல் வேண்டாம், இரும்பு அடித்து உடையும். கொஞ்ச நேரம் ஊறவிட்டு மறுபடி குலுக்கி, எடுத்துத் தூரிகையால் ஒவ்வொரு கண்ணியாகத் தேயுங்கள். மடங்கி நிற்கிற இடத்தைப் பக்கவாட்டில் மெதுவாக இப்படியும் அப்படியும் அசைத்தால் இளகும். சுத்தியலால் தட்ட வேண்டாம்.

கம்பித் தூரிகையும் மணல் தாளும் தொடாதீர்கள். செயினின் மேல் மினுக்கமாக இருப்பது நிக்கல் பூச்சு, கறளுக்கு எதிரான காவல் அதுதான். மணல் தாள் போட்டால் கறளோடு காவலும் போகும். வெளித்தகட்டில் கறள் அடையாகப் பிடித்திருந்தால் பித்தளைத் தூரிகை வாங்கி ஒயில் தொட்டுத் தேயுங்கள், உருக்கைவிடப் பித்தளை மெது, கீறாது. பாத்திரம் தேய்க்கிற இரும்பு நார் போட்டால் நார் அறுந்து ரோலருக்குள் மாட்டிக்கொள்ளும், அதை எடுப்பது பெரிய பாடு. கறள் நிறம் கொஞ்சம் மிஞ்சினால் மிஞ்சட்டும். அது செயினை அறுக்காது.

பெற்றோல் பாவிக்கச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள். சுத்தமாகத்தான் கழுவும், ஆனால் ஆவி நிலத்தோடு ஊர்ந்து அடுப்படிவரை போய்ப் பற்றும். மண்ணெண்ணெய் அந்தளவுக்கு இல்லை. என்றாலும் அதையும் வெளியில், காற்றோட்டத்தில், நெருப்பில்லாத இடத்தில்தான் கையாள வேண்டும்.

வயல்காரத் தம்பிக்கு: கழுவிய மண்ணெண்ணெயைக் கொட்டத் தேவையில்லை. ஒரு இரவு அசையாமல் வைத்தால் சேறு அடியில் படியும், மேலே தெளிந்ததை வடித்து அடுத்த முறைக்கு வைக்கலாம். சேற்றை மட்டும் பழைய பத்திரிகையில் சுற்றிக் குப்பைக்குக் கொடுங்கள். கானுக்குள் (கழிவுநீர் வாய்க்காலுக்குள்) ஊற்றினால் அது வாவிக்குத்தான் போகும் என்று மட்டக்களப்பாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வுகூடத்துக்காரன்

காக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும், ரீச்சரின் வழி வாவி வழி என்பதால். மண்ணெண்ணெய் கிறீஸைக் கரைக்கும், உப்பைக் கரைக்காது. பாதையில் நிற்கும்போது தெறிக்கிற வாவித் தண்ணீர் காய்ந்தால் உப்பு செயினிலேயே தங்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டே இருக்கும். கரையோரத்தில் மழையே இல்லாத மாதத்திலும் செயின் கறள் பிடிப்பது இதனால்தான்.

ஆகவே மண்ணெண்ணெய்க்குப் பிறகு, பாத்திரம் கழுவுகிற திரவம் கலந்த இளஞ்சூட்டு நீரில் ஒரு தரம் குலுக்கி, நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசுங்கள். கிணறு உவர் என்றால் குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ எடுங்கள். காஸ்டிக் சோடாப் பக்கம் மட்டும் போக வேண்டாம், கண்ணுக்கும் தோலுக்கும் கேடு, அலுமினிய பாகங்களையும் கரைக்கும்.

கல்முனைக் காக்கா

தண்ணீரில் கழுவச் சொன்னால் ஆட்கள் கழுவிப்போட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள், அதனால்தான் நான் சொல்வதில்லை. ஆனால் உப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ரீச்சர், தண்ணீர் பட்டால் உடனே துணியால் இறுக்கித் துடைத்து, நல்ல வெயிலில் தொங்கவிடுங்கள். தொட்டால் சுடுகிற அளவுக்குக் காய வேண்டும். மழைநாளில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

காத்தான்குடி உம்மா

நான் சைக்கிள் பற்றிப் பேச வரவில்லை, எனக்கு அவ்வளவு தெரியாது. பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு இரண்டு விஷயம். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளை தண்ணீர் என்று குடித்துவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, சுவாசப்பைக்குள் போய்விடும், நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

அடுத்தது விரல். பெரியவர்கள் பெடலைச் சுற்றச் சுற்றச் சின்னது வந்து செயினைத் தொடும். பல்லுச்சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவில் விரல் போனால் பெடல் நின்றாலும் விரல் வெளியே வராது. வண்டி தலைகீழாகக் கிடக்கும்போது பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள். அபாயா, சாரி, சாரம் எதுவானாலும் முனையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இருங்கள்.

கல்முனைக் காக்கா

தங்கச்சி சொன்னது மிகத் தேவையான விஷயம். பெரியவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: சீலைத்துணியை விரலில் சுற்றிக்கொண்டு செயினைத் துடைக்கக் கூடாது. துணியைப் பல்லு இழுத்தால் விரலும் சேர்ந்து போகும். துணியை மடித்து லேசாகப் பிடியுங்கள், பல்லுச்சக்கரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி. இழுத்தால் விட்டுவிடுங்கள்.

மண்டூர் ரீச்சர்

கழுவிக் காய வைத்தாயிற்று. போத்தலில் வந்த தண்ணீரைப் பார்த்து மகன் "தேத்தண்ணிச் சாயம்" என்கிறான். இப்போது ஒயில். வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கிறது, தையல் மெஷின் ஒயில் இருக்கிறது. எதைப் போட?

வாழைச்சேனைப் பொடியன்

தேங்காய் எண்ணெய் போடுங்கள் ரீச்சர், வாசமாக இருக்கும் :)

ஆய்வுகூடத்துக்காரன்

தேங்காய் எண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டுப் பழுதாகும், தூசியோடு சேர்ந்து பசையாகும். தலைக்கு வையுங்கள்.

கல்முனைக் காக்கா

இப்போதைக்குத் தையல் மெஷின் ஒயில். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மணல் பறக்கும், தடித்த ஒயில் போட்டால் மணலை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும். மெல்லிய ஒயில் உள்ளே போய்விடும், வெளியே ஒட்டாது. குறை என்னவென்றால் சீக்கிரம் முடியும், வாரத்துக்கு ஒரு தரம் விட வேண்டும். வாடை தொடங்கி மழை பிடித்தால் புது எஞ்சின் ஒயில் ஒரு சின்னப் போத்தல் வாங்குங்கள். தடிப்பு, மழையில் கழுவுப்படாது. புதுசு வேண்டும், கழற்றியது இல்லை. கிறீஸ் மட்டும் வேண்டாம், உள்ளே போகாது, வெளியே கிடந்து மண் பிடிக்கும்.

ஒயில் விடுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒயில் தேவையான இடம் தகடு இல்லை, ரோலருக்குள் இருக்கிற பின். செயினைப் பூட்டிய பிறகு கீழ் ஓட்டத்தின் (இரண்டு பல்லுச்சக்கரத்துக்கும் நடுவில் கீழே ஓடுகிற பகுதி) உள்பக்கம், பல்லில் படுகிற அந்தப் பக்கத்தில், ஒரு ரோலருக்கு ஒரு சொட்டு. விட்டதும் கவனித்துப் பாருங்கள், சொட்டு ரோலர் மேல் ஒரு கணம் முட்டையாக நிற்கும், பிறகு இரண்டு ஓரத்தாலும் இடுக்குக்குள் இழுபட்டு மறையும். மறைந்தால் உள்ளே போய்விட்டது. மறையாமல் நின்றால் அங்கே இன்னும் அழுக்கு அடைத்திருக்கிறது. எல்லாம் விட்டு முடிந்ததும் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, ஒரு இரவு விட்டு, வெள்ளாப்பில் காய்ந்த துணியால் வெளியே உள்ளதை எல்லாம் துடைத்து எடுங்கள். துடைத்த செயினை விரலால் தொட்டால் ஈரம் தெரியலாம், ஒழுகக் கூடாது.

ரிம்மில் சொட்டு விழுந்தால் உடனே சவர்க்காரத் தண்ணீரால் துடைக்க வேண்டும். பிறேக் கட்டை வழுக்கும். ரயரிலும் எண்ணெய் ஆகாது.

வயல்காரன்

எல்லாம் சரி, ஒரு தரம் கழுவினால் அந்தச் செயின் இன்னும் எவ்வளவு காலம் போகும் என்று எப்படித் தெரியும்? அதைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஆய்வுகூடத்துக்காரன்

அடிமட்டம் வைத்தால் தெரியும். பின்னுக்குப் பின் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். ஒரு பின்னின் நடுவில் பூச்சியத்தை வைத்து, செயினை இறுக்கிப் பிடித்து, 12 அங்குலத்தில் பாருங்கள். புதுச் செயின் என்றால் அங்கே ஒரு பின்னின் நடு சரியாக வரும். அரை நூல், அதாவது 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயின் மாற்றுகிற காலம். ஒரு நூல், 1/8 அங்குலம் போயிருந்தால் பெரும்பாலும் பிரீவீலும் சேர்ந்து தேய்ந்திருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் பழைய பல்லில் ஏறி ஏறி வழுக்கும். 'செயின் இழுபட்டுவிட்டது' என்று சொல்கிறோமே தவிரத் தகடு இழுபடுவதில்லை. ஒவ்வொரு பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதால் மொத்தம் நீள்கிறது.

வயல்காரன்

அளந்தேன். ஒரு நூலுக்கும் கூட.

கல்முனைக் காக்கா

:) கடைக்கு வாங்க தம்பி.

மண்டூர் ரீச்சர்

எனக்கு அரை நூலுக்குக் குறைவாகத்தான் இருக்கிறது. பூட்டும்போது ஒரு சந்தேகம். இணைப்புக் கண்ணியில் ஒரு சின்ன கிளிப் இருக்கிறது, ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் வாய் திறந்து. எந்தப் பக்கம் முன்னுக்கு வர வேண்டும்? கழற்றும்போது மகன் பார்க்கவில்லை.

கல்முனைக் காக்கா

மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையில். மேல் ஓட்டத்தில் வைத்துப் பூட்டினால் மூடிய முனை முன்னால் பல்லுச்சக்கரத்தைப் பார்க்கும், திறந்த வாய் பின் சக்கரத்தைப் பார்க்கும். மாறிப் போட்டால் எங்கேயாவது தட்டுப்பட்டுக் கிளிப் கழன்று விழும். கிளிப் தளர்ந்திருந்தால் புதுசு போடுங்கள், அது சில்லறைக் காசுதான்.

பின் சக்கர நட்டை இறுக்கும்போது செயினை வீணைத் தந்தி மாதிரி இழுக்காதீர்கள். கீழ் ஓட்டத்தின் நடுவில் விரலால் தூக்கினால் மேலும் கீழுமாக அரை அங்குலம் அளவு ஆட வேண்டும். பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள், சில இடத்தில் இறுக்கம் கூடும், இறுகுகிற இடத்தில்கூடக் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும்.

அக்கரைப்பற்று புதியவன்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது கியர் சைக்கிள், இந்தக் கிளிப் இல்லை. செயினைக் கழற்றாமல் இதையெல்லாம் செய்யலாமா? புதுச் செயினில் ஒட்டிக்கொண்டு வருகிற பசையையும் கழுவ வேண்டுமா?

ஆய்வுகூடத்துக்காரன்

கழற்றாமலே செய்யலாம். துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பது, தூரிகையால் தேய்ப்பது, ஒயில் விடுவது எல்லாம் ஒன்றுதான். கியர்ச் செயின் இன்னும் ஒடுக்கமானது, அடிக்கடி பின்னைத் தட்டிக் கழற்றினால் அந்த இடம் பலவீனப்படும். புதுச் செயினின் பசையைக் கழுவ வேண்டாம், தொழிற்சாலையில் உள்ளேவரை ஏற்றிய எண்ணெய் அது. வெளியே மட்டும் துடையுங்கள். பின்னால் இருக்கிற பல்லுக் கூட்டத்தைச் சுத்தம் செய்வது பற்றித் தனி இழை தொடங்குங்கள், அங்கே எழுதுகிறேன்.

மண்டூர் ரீச்சர்

பூட்டியாயிற்று, சத்தம் இல்லை. செயின் கவர் மட்டும் திரும்பப் பூட்டும்போது ஒரு திருகாணி குறைகிறது. மகனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.